வயரும் சுவிட்சும்

மரப்பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ரம்ப மிஷின் பாதிப் பலகையில் நின்றுபோனது. ஆசாரி குருபாதம் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், குறையில்லை. மீட்டரை வைத்து வயரைப் பார்த்தார், அதுவும் நல்லாத்தான் இருந்தது. மிச்சம் சுவிட்சுதான்.

சுவிட்சு பயந்துபோய் வயரிடம் சொன்னது: "அண்ணே, உள்ளே மரத்தூள் அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்லை. அவர் கழற்றும்போது என்னைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. இழுக்கிற இழுப்பில தூள் உதிர்ந்திடும், பிழைச்சுக்குவேன்."

"உன்னைப் பிடிச்சா என்மேலயும் சந்தேகம் வருமேடா. இப்பத்தான் நல்லவன்னு பேர் வாங்கியிருக்கேன்," என்றது வயர்.

"என்னையுந்தான் கழற்றிப் பார்த்தாரு, நான் அழுதேனா?" என்றது பிளக்கு.

ஆசாரி திருகைத் தளர்த்தியதும் வயர் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த இடத்தில் புதுச் சுவிட்சை மாட்டினார், ரம்பம் மறுபடி ஓடியது. பழையதை மூலையில் வீசினார். சுவரில் மோதியதும் தூள் கொட்டி, அது டிக்கென்று சரியானது. ரம்பம் போட்ட சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

புதுச் சுவிட்சு தயங்கித் தயங்கிக் கேட்டது: "முன்னாடி இருந்தவருக்கு என்னண்ணே ஆச்சு?"

"அவனா?" என்றது வயர். "நாங்க ரெண்டு பேரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம் தம்பி. கேக்கவே இல்லை."