மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் வேண்டாம்

கட்டிலில் இரண்டு தலையணைகளை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்த மாப்பிள்ளை, ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்பின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக ஒருமுறை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

“பாருங்க மச்சான், இந்தக் கடைசி ரெண்டுக்கும் நடுவுல டிஸ்க்கு பிதுங்கி நரம்பை அழுத்துதாம். எனக்கு அங்க ஒரு எழவும் தெரியல. இதுக்குப் போயி கத்தியத் தூக்கிட்டு வர்றானுங்க.”

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர். டூட்டி முடிந்த கையோடு யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். நேற்று தங்கை போன் செய்தபோது வண்டி கிளம்பும் நேரம். காதில் விழுந்தது கொஞ்சம்தான். “டிஸ்க் விலகியிருக்குண்ணே. ஆபரேஷன் பண்ணணும்கிறாங்க. இவரு வேண்டாம்னு ஒரே பிடிவாதம். நீ வந்து ரெண்டு வார்த்தை பேசு.”

கேட்டதிலிருந்து டிரைவருக்கு ஒரே ஆச்சரியம். மாப்பிள்ளை ஆபீஸில் தலைமை எழுத்தர். அங்கே ஃபைலைத் தூக்கக்கூட ஆள் உண்டு. வீட்டிலோ, இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் டிவி ரிமோட்டைவிடக் கனமான எதையும் அவர் தூக்கி டிரைவர் பார்த்ததில்லை. அந்த முதுகுக்கு அப்படி என்ன கேடு வந்தது?

“வலி எப்படி இருக்கு மாப்பிள்ளை?”

“வலி எங்க போகுது? ராத்திரி பூரா முனகல்தான். நான் ஒழுங்காத் தூங்கி ரெண்டு மாசமாச்சு.”

தங்கை டீயோடு வந்தாள். ஒரு காலில் மட்டும்தான் வீட்டுச் செருப்பு இருந்தது. இன்னொன்று சமையலறை வாசலிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. ஓய்வில்லாமல் ஓடி ஓடித் தன் காலைக்கூட மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

“உக்காரும்மா.”

“இல்லண்ணே, நிக்கிறேன்.”

டிரைவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “டாக்டர் வேற வழி எதுவும் சொல்லலையா?”

“சொன்னாரே! ரெண்டு மணி நேரம் வெளியில காக்க வச்சு, ரெண்டு நிமிஷம் பேசினாரு. காலைத் தூக்கு, பெருவிரலை மடக்குன்னு ஏதோ டான்ஸ் பழக்குற மாதிரி. அப்புறம் பிசியோதெரபின்னு ஒரு ரூமுக்கு அனுப்பினாரு. அங்க ஒரு பொண்ணு, பூனை மாதிரி முதுகை வளைங்குது, ஒட்டகம் மாதிரி இறக்குங்குது. இதுக்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம்!”

“ஊசி ஏதோ இருக்காமே?”

“இருக்கு. முதுகுத்தண்டுல குத்துவாங்களாம். மூணு மாசத்துக்கு வலி தெரியாதாம். அப்புறம்? திரும்ப ஊசி. கடைசியில ஆபரேஷன்னு வந்து நிக்கிறாரு. அதுக்கப்புறம் ஆறு வாரம் குனியக் கூடாதாம், ஒரு வாளித் தண்ணி தூக்கக் கூடாதாம். வீடு என்னத்துக்கு ஆகிறது?”

சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மனுஷனுக்கு ஆறு வாரம் குனியாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமா? டிரைவர் டீயோடு சேர்த்துச் சிரிப்பையும் விழுங்கினார்.

“காலு மரத்துப்போனா தள்ளிப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல,” என்றாள் தங்கை மெதுவாக.

“நீ சும்மா இரு. பயமுறுத்தினாத்தானே ஆளு போயி டேபிள்ல படுக்கும்!”

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. “எங்க டிப்போவுல ரெண்டு பேருக்கு இதே டிஸ்க் மாப்பிள்ளை. ஒருத்தரு மாத்திரை, எக்சர்சைஸ்னு விடாம பண்ணினாரு, கத்தி படாமலே தேறிட்டாரு. இன்னொருத்தருக்குக் கால் மரத்துப்போச்சு. அப்பவும் பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்னு இருந்துட்டாரு. இப்ப பிரேக்கை மிதிச்சோமா இல்லையான்னு அவருக்கே தெரியல. வண்டிய விட்டு இறக்கி கவுன்டர்ல உக்கார வச்சுட்டாங்க.”

“அவங்கவங்க உடம்பு வேற மச்சான். வலியை மனசால ஜெயிக்கணும். பொறுத்துக்கிட்டா தானா உள்ள போயிடும்.”

“ஆபரேஷன்னா பயமா?”

“பயமா? எனக்கென்ன பயம்?” சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை காலித் தம்ளரை நீட்டினார். “இன்னும் அரை தம்ளர் கொண்டு வா. இந்தத் தடவை சூடா.”

தங்கையின் கைக்குப் போகும் முன் டிரைவரே அதை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் சமையலறைக்கு நடந்தார். பேச்செல்லாம் வீரம், ஆபரேஷன் என்றால் நடுக்கம். போயும் போயும் இந்தத் தொடைநடுங்கிக்கா தங்கையைக் கட்டிக் கொடுத்தோம் என்று வாயெல்லாம் கசந்தது.

அவள் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று பார்த்தார். அழவில்லை.

“விடும்மா. பயந்தாங்கொள்ளி. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த ஆளு காதுல ஏறாது.”

“இனிமே பேச வேண்டாம்ணே. டீ போடுறப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்து சேரச் சொல்லியிருக்காங்க. நீ கூட வந்தாப் போதும்.”

“அதெப்படிம்மா? மாப்பிள்ளை சம்மதிக்க வேண்டாமா?”

தங்கை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

“அவரு எதுக்குண்ணே சம்மதிக்கணும்? முதுகு என்னோடது.”