சைக்கிளில் வருபவர்களுக்கு மட்டும்

காப்பியோடு இரண்டாவது பிஸ்கட்டை ஃபெம்மி நீட்டியபோதே ரைண்டருக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

ஞாயிறு பதினோரு மணிக் காப்பிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட். அதோடு டப்பா மூடிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

"வர்ற சனிக்கிழமை ராத்திரி நாம வெளியில தங்கறோம்," என்றாள்.

தங்கலாமா என்று கேட்கவில்லை. தங்கறோம்.

ரைண்டர் வழக்கம்போல முன்னறைக் கதவைப் பார்த்தான். உள்ளே அவர்கள் மகன் யெல்லெ படுத்திருந்தான். இருபத்து நாலு வயது. பேச்சில்லை, நடையில்லை. ஐந்து வயதிலிருந்து வலிப்பு வேறு, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில்.

பத்தொன்பது வருடமாகக் கணவனும் மனைவியும் ஒரே இரவில் ஒரே கட்டிலில் தூங்கியதில்லை. ஒருத்தர் மாடியில் தூங்கினால் ஒருத்தர் முன்னறை நாற்காலியில். ஃபெம்மி குறட்டை விடுவாளா என்பதுகூட இப்போது அவனுக்குத் தெரியாது.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. டினெக்கே என்கிற நர்ஸ் எந்த ராத்திரி கூப்பிட்டாலும் வரத் தயார். யெல்லெக்கும் அவளைப் பிடிக்கும். கால் நகராதது ரைண்டருக்குத்தான்.

முதல் தடவை படகுத்துறை வரை போய், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பினான். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. அடுத்த தடவை ரயில் ஏறி, இரண்டாவது நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான். மூன்றாவது தடவை சாக்கு சொல்லக்கூட மெனக்கெடவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டான். அன்றைக்குப் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிக்கொண்டே ஃபெம்மி அழுதாள். அது அவனுக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்றைக்கு அவள் முகத்தில் அழுகையின் சுவடே இல்லை. நல்ல சீட்டுக் கையில் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றைப் பிரித்தாள். நாடு முழுக்கத் தங்கள் வீட்டில் ஓர் அறையை வழிப்போக்கர்களுக்கு விடுகிறவர்களின் பட்டியல். சுத்தமான படுக்கை, காலையில் முட்டையோடு சாப்பாடு, ஆளுக்கு இருபத்தேழரை யூரோ. ஒரே ஒரு கண்டிப்பு. சைக்கிளில்தான் வர வேண்டும். காரில் வந்து இறங்கினால் கதவு திறக்காது.

ஃபெம்மி வாய்விட்டுப் படித்தாள். கைக்கடக்கமான அழகான ஊர். நடுவில் கால்வாய், இரண்டு கரையிலும் மரங்கள், முந்நூறு வருடத்து வீடுகள். கால் மணிக்கொரு தரம் அடிக்கும் மணிக்கூண்டு. மாடி அறை, சன்னலைத் திறந்தால் கீழே தண்ணீர்.

"எல்லா ஊர்க்காரனும் இதையேதான் எழுதுவான்," என்றான் ரைண்டர்.

வெளியே மணிக்கூண்டு பதினொன்றேகால் அடித்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கும் ஆசைதான். அந்த மாடி அறையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதுவரை மனசு போய்விட்டது.

ஃபெம்மி விடவில்லை. டயருக்குக் காற்றடித்தாயிற்று. மழைக்கோட்டு எடுத்து வைத்தாயிற்று. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வழிக்கு. அணைக்கரை மேலேயே போய் ஏரியைச் சுற்றினால் பதினாலு கிலோமீட்டர். பாதி வழி எதிர்காற்று, பாதி வழி பின்காற்று.

ரைண்டர் தன்னுடைய கேள்வியை எடுத்தான். முன்பு மூன்று தடவையும் அவன் காலைக் கட்டிப்போட்ட அதே கேள்வி.

"டினெக்கே போன் பண்ணினா நாம திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நிமிஷம்."

கோப்பையைக் கீழே வைத்தான். "பதினாலு கிலோமீட்டரை நாலு நிமிஷத்துலயா? உன் கணக்கு உதைக்குதே."

ஃபெம்மி புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

அவர்கள் ஊரின் பெயர். கால்வாயின் எதிர்க்கரைத் தெரு. எதிர்வீட்டுக்காரி ஹெண்ட்ரிகாவின் வீடு.

"இந்த வசந்தத்துலதான் மாடியைப் பட்டியல்ல சேர்த்திருக்கா," என்றாள். "பாலத்து வழியா நடந்து பார்த்துட்டேன். மூணு நிமிஷம் நாப்பது செகண்டு. மிச்சம் இருபது நீ செருப்பு தேட."

"அப்புறம் எதுக்குடி ஏரியைச் சுத்தணும்?"

"சைக்கிள்ல வந்தாத்தானே இடம் கொடுப்பா? சட்டம்னா சட்டம்."

ரைண்டர் எழுந்து முன்னறைக்குப் போனான். யெல்லெ விழித்துக்கொண்டு, தண்ணீர் வெளிச்சம் கூரையில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ ராத்திரி அந்த நாற்காலியில் உட்கார்ந்து ரைண்டர் வெறித்திருந்த ஹெண்ட்ரிகா வீட்டு மாடிச் சன்னல் நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் இந்தக் கட்டில் தெரியும். மேசை விளக்கைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சாண் நகர்த்தி வைத்தான். இப்போது விளக்கும் தெரியும்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். "அங்க கட்டில் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்."

"அப்ப சன்னல் பக்கம் எனக்கு."

ஃபெம்மி டப்பாவுக்குள் கையை விட்டுத் தனக்கும் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.