மூன்று சுற்று

“மொதல்ல பிள்ளையார் கோயிலை மூணு சுத்து சுத்திட்டு வாங்க சார்” என்றான் கொளஞ்சி.

அவனுடைய பழைய பைக்கை வாங்க வந்த தனவேல் வாத்தியார் அப்படியே சுற்றிவந்தார். “நல்லா ஓடுது. எடுத்துக்கறேன்.”

அவர் கிளம்பும்போது கொளஞ்சியின் மகள் ஓடிவந்தாள்.

“பஸ் போயிடுச்சுப்பா. சார் அரியலூருக்குத்தானே போறாங்க? காலேஜ்ல எறங்கிக்கறேன்.”

கொளஞ்சி ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். மகள் ஏறிவிட்டாள்.

“நில்லுங்க சார்!” என்று கத்தியபோது வண்டி தெருமுனைக்கே போய்விட்டது.

கோயிலைச் சுற்றுகிறவர்கள் வலப்பக்கம்தான் திரும்புவார்கள். ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தால்தான், சாவி சுவிட்சின் ஒயர் விட்டுப்போய் அந்த வண்டி சட்டென்று நின்றுவிடும்.

சிமெண்ட் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்தது.

வாத்தியார் இடப்பக்கம் ஒடித்தார்.