கிளி சாரின் டியூஷன்

மைனாவின் மூன்று குஞ்சுகளும் பூனையின் வாலைக் கண்டால்கூட ஊரைக் கூட்டின. அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாமல், அவற்றைக் கிளி சாரின் டியூஷனில் சேர்க்கப் போனாள் மைனா.

"சாருக்கு முன் அனுபவம்...?" என்று தயங்கிக் கேட்டாள்.

"ஒரு வாத்தியார் வீட்டுக் கூண்டிலேதாம்மா வளர்ந்தேன். அவர் சொன்னதெல்லாம் அப்படியே மனப்பாடம்" என்றார் கிளி. உடனே குஞ்சுகள் பக்கம் திரும்பினார். "கையைக் கட்டு! வாயைப் பொத்து! கேள்வி கேட்டா மட்டும் பதில் சொல்லு, எல்லாரும் சேர்ந்து!"

குஞ்சுகள் கப்சிப்பென்று உட்கார்ந்தன. மைனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து, பாடம் நடக்கும்போது பூனை மரமேறி வந்தது. குஞ்சுகள் கத்தவில்லை. கத்துவதற்கு அனுமதி கேட்டு ஆளுக்கொரு இறக்கையைத் தூக்கின.

"லேட்டா வந்தா வெளியே நில்லு!" என்று பூனையை அதட்டினார் கிளி.

பூனை பணிவாகக் கீழே இறங்கி நின்றது. எதிர் மரத்திலிருந்த மைனா, "பூனையையே அடக்கிட்டாரே!" என்று பூரித்துப்போனாள்.

"டியூஷன் எத்தனை மணிக்கு விடும்?" என்று கீழிருந்து கேட்டது பூனை.

"ஆறு மணிக்கு, சார்!" என்றன குஞ்சுகள், ஒரே குரலில்.