ஒரு சாண் உயரம்

எங்கள் மனம்போல் வீடு கட்ட ஒரு புராஜெக்ட் மேனேஜரை அமர்த்தினோம். சமையல் மேடையைக்கூட வீட்டுக்காரியின் முழங்கைக்கு அளந்துதான் போடுவார். சாவி வாங்கிய அன்று அந்த மேடை என் நெஞ்சு வரை இருந்தது. குளியலறைக் கண்ணாடியில் என் நெற்றி மட்டும் தெரிந்தது.

"யாரை அளந்து கட்டினீங்க சார்?"

"உங்களைத்தான் மேடம். சாரோட வந்து நின்னீங்களே. பென்சில் முனை பட்டதும் கூசுதுன்னு சிரிச்சீங்க."

அளவெடுத்த அந்த மாதம் முழுக்க நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். நேரே என் வீட்டுக்காரரிடம் போனேன்.

"யாருங்க அவ?"

"விளையாடறியா? ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வர்றேன்னு நீதானே வந்தே. அன்னைக்கு எவ்வளவு பேசினே! புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி இருந்துச்சு."

பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். அன்று சிவக்கவில்லை. என்னோடு அவர் அப்படிப் பேசிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

"எவளுக்கோ போட்ட மேடையில நான் சமைக்க மாட்டேன்" என்றேன். மேனேஜர் அதை இடித்து, என் முழங்கைக்கு அளந்து புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடியையும் இறக்கி மாட்டினார்.

குடிவந்த மறுநாள் காலையில் புது மேடை முன் நிமிர்ந்து நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு குனிஞ்சு வேலை செய்யாதேம்மா, இடுப்பு வலிக்கும்" என்றார்.

ஆசையோடு சொன்னார். அவர் கண்கள் என் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.