தலையிடிக் கொப்பி

"மனப்பதற்றத்தில வாற தலையிடிதான், தம்பிராசா. எங்க, எத்தினை மணிக்கு வருகுது எண்டு ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார் டொக்டர்.

தம்பிராசா கந்தோரில் கிளார்க். எழுதச் சொன்னால் விடுவாரா? வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கும்வரை, தலை இடித்த இடமெல்லாம் நிமிடம் பிசகாமல் கொப்பியில் ஏறியது.

பத்தாம் நாள், வழியில் இருந்த ஓர் இராணுவச் சோதனைச்சாவடியில் பையைக் கிண்டிய சிப்பாய் கொப்பியை எடுத்து அதிகாரியிடம் நீட்டினான். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

"பாலத்துச் சாவடி, ஏழு நாற்பது. சந்திச் சாவடி, எட்டு ஐந்து. எல்லாச் சாவடியும் இருக்கு! யாருக்குக் குடுக்க எழுதினது?"

போன மாதம் இப்படி விசாரணைக்கென்று இராணுவத்தினர் கூட்டிப்போன, தம்பிராசாவின் மேல்மாடிக்காரர் இன்னும் வீடு வரவில்லை.

"டொ... டொக்டருக்கு, சேர். தலையிடி வாற இடங்கள்."

"அப்ப செவ்வாய்க்கிழமை இந்தச் சாவடி ஏன் இல்லை?"

"அண்டைக்கு இங்க தலை இடிக்கேல்லை, சேர்."

"ஏன்?"

பயத்தில் உண்மை வாயை மீறி வந்தது. "அண்டைக்கு இங்க ஒருத்தரும் நிக்கேல்லை, சேர்."

அதிகாரி மெதுவாகத் திரும்பிச் சிப்பாயைப் பார்த்தார். பிறகு கொப்பியைத் தம்பிராசாவிடமே கொடுத்தார். "விடாம எழுதுங்க. வெள்ளிக்கிழமைதோறும் எனக்குக் காட்டணும்."

மறுநாள் பஸ் நிற்குமுன்பே அந்தச் சிப்பாய் ஓடிவந்தான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் கூப்பினான்.

"மாத்தயா, ஐயா, இண்டைக்குத் தலையிடி வந்ததுதானே? மறக்காம எழுதுங்க!"