சாமியாத்தாள் தீட்டிய கத்தி

"இன்னொருக்கா ஓட்டுங்க ராவுத்தரே" என்று சாமியாத்தாள் கத்தியை நீட்டினாள்.

அமீர் ஹம்சா அதை வாங்கிக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தார். நகத்தில் மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு எழுந்தது. காட்டுப்பன்றியைக் கிழிக்கிற கத்தி அது. முழ நீளம் இருக்கும்.

"போன சந்தைக்கு நான் புடிச்ச சாணை அப்படியே இருக்குதுங்க அம்மணி. ஒரு வாழை எலைகூட இதுல அறுக்கலையாட்ட இருக்குது."

"இருக்கட்டுங்க. கதவு ரெண்டையும் தெறந்து போட்டுட்டு ஓட்டுங்க. பொறி பறந்து சீலைல பட்டுரும்."

துடியலூருக்கு மின்சாரம் வந்ததும் கல்சாணையை ஓரங்கட்டிவிட்டு மோட்டார் வாங்கிப் போட்டவர் ஹம்சா. எமரி என்கிற சாணைத் தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்து ஒட்டிய தோல்பட்டை ஒன்று இரண்டு சக்கரங்களின் மேல் ஓயாமல் சுற்றும். அதில் இரும்பைக் கொடுத்தால் எழுகிற சத்தம் மேட்டுப்பாளையம் ரோட்டைத் தாண்டிக் கேட்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நஞ்சுண்டனின் வீடு. பட்டை சுற்றத் தொடங்கியதுமே அங்கே மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது.

காரணம் ஊருக்கே தெரியும். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் சாமியாத்தாளின் புருஷன் செங்கோட்டையனை நஞ்சுண்டன் கடப்பாரையால் அடித்துக் கொன்றான். இருவரும் பங்காளிகள். பார்த்தவர்கள் கோர்ட்டில் வாய் திறக்கவில்லை. செங்கோட்டையன் கால் தவறிக் கிணற்றில் விழுந்தான் என்று தீர்ப்பாகி, நஞ்சுண்டன் மாலையும் கழுத்துமாக ஊர் திரும்பினான்.

அடுத்த சந்தை நாளில் சாமியாத்தாள் புருஷனின் வேட்டைக்கத்தியோடு ஹம்சாவின் பட்டறை வாசலில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு ஒரு சந்தையும் தவறியதில்லை.

ஹம்சா கத்தியைத் தண்ணீரில் நனைத்துப் பட்டையில் வைத்தார். பிடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. சூடேறினால் இரும்பின் உரம் போய்விடும் என்று மறுபடியும் நனைத்தார். இன்று அதற்குமேல் ஓட்டாமல் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. இனிமே இந்தக் கத்திய நான் தொட மாட்டேனுங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, தீட்டிக் குடுத்தவன்னு என்னையும் கூண்டுல ஏத்திப்போடுவாங்க."

"போலீசுதான் வந்து பாத்துட்டுப் போயிருச்சுங்களே."

உண்மைதான். நஞ்சுண்டன் புகார் கொடுத்து ஏட்டு வந்து விசாரித்தார். கத்தி தீட்டுவது குற்றமில்லை, அந்தம்மா ஒரு வார்த்தை மிரட்டியதாகவும் சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து நஞ்சுண்டன் தோட்டத்துக்குப் போவதை விட்டான். காவலுக்கு வைத்த ஆட்களையே சந்தேகப்பட்டுத் துரத்தினான். சவரக்கத்தி கழுத்தருகே வருவதற்குப் பயந்து, சவரம் செய்துகொள்வதையும் நிறுத்தினான். அவன் அலறி எழுவதைப் பொறுக்க முடியாமல் பெண்டாட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அந்தாளு செஞ்சது பாவந்தானுங்க அம்மணி. அதுக்காக உங்க கையில எதுக்குங்க ரத்தம்?" என்றார் ஹம்சா.

சாமியாத்தாள் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி, ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

நஞ்சுண்டன் நின்றிருந்தான்.

அவன் நடந்து வந்தால் சந்தைக் கூட்டம் விலகி வழிவிட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. தாடி மார்பைத் தொட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் வந்து, சாமியாத்தாளின் முன்னால் மண்டியிட்டான்.

"நாந்தான் அடிச்சேன். உசுரு இருக்கறப்பவே கெணத்துல தள்ளிப்போட்டேன். ராவுத்தரு கேக்கறாரு, நீயும் கேட்டுக்க. என்னால முடியல சாமியாத்தா. கண்ண மூடுனாப் போதும், இந்த மோட்டாருதான் ஓடுது. வெட்டிப்போடு. இன்னிக்கே முடிச்சுப்போடு."

தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினான். பிடரி வேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹம்சா எழுந்து தடுக்கவில்லை. "வேண்டாமுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

சாமியாத்தாள் கத்தியோடு ஓரடி முன்னால் வந்தாள். தன் புருஷனைக் கொன்றவனின் கழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

பிறகு கத்தியைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்தாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குனிந்து, புருஷனுக்கு அண்ணன் முறையானவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை துளியும் குறையாமல் சொன்னாள்:

"உங்களைக் கொன்னுபோட்டா, அப்புறம் பயப்படறது ஆருங்க மாமா?"